ஸ்டோருக்கு வெளிச்சம், லயத்துக்கு குப்பி லாம்பு

மலைநாட்டுக்கு கரண்டு எப்ப வந்தது என்று கேட்டால் லக்சபானவைத்தான் சொல்வோம். 1918இல் விமலசுரேந்திர பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, 1950இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையம் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியதும் அதைத்தான். ஆனா 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தேயிலைத் தோட்டங்களில் ஓடைத் தண்ணி இயந்திரங்களைச் சுழற்றத் தொடங்கியிருந்தது.

அதன் அமைப்பு ரொம்பச் சாதாரணம். மேலே ஓடையை மறித்து ஒரு சின்ன அணை. அங்கிருந்து சரிவோரமாக வாய்க்கால், அதன் முடிவில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து கீழே இறங்கும் இரும்புக் குழாய், குழாயின் அடியில் சுழலி. பெரிய நீர்த்தேக்கம் வேண்டாம், தண்ணி விழும் உயரம் இருந்தால் போதும். இங்கிலாந்தின் கெண்டல் நகரிலிருந்த கில்க்ஸ் கம்பனியின் சுழலிகள் கப்பலில் வந்து இறங்கின. ஒரு காலத்தில் தோட்டங்களில் 500 அளவில் இப்படியான நிலையங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

வாய்க்காலை வெட்டியதும், மழையில் சரிந்த மண்ணை அள்ளியதும் யாருன்னு நாம் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் போனது ஸ்டோருக்கும் தொரை பங்களாவுக்கும். லயத்தில் பெரும்பாலும் குப்பி லாம்புதான். ஸ்டோருக்குப் பக்கத்து லயத்துக்குக் கம்பி இழுப்பது அப்பவும் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் இல்லை.

பிறகு தேசிய மின்கம்பி தோட்டங்களுக்கு வந்தது. அது மலிவாக இருந்ததால் பல சுழலிகள் கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன.

1990களில் கதை இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களுக்கு நகர்ந்தது. தொண்டு நிறுவனங்களின் உதவியோடும், 1997க்குப் பிறகு உலக வங்கித் திட்டத்தின் கடனோடும், ஊர்ச்சனம் மின்பாவனையாளர் சங்கங்கள் அமைத்தது. சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். 10 கிலோவாற் நிலையமொன்றை 50 வீடு பங்குபோட்டால் ஒரு வீட்டுக்கு 200 வாற் கிடைக்கும். சில பல்ப், ஒரு டிவி, அவ்வளவுதான். யாராவது ரகசியமாக இஸ்திரிக்கைப் போட்டால் ஊர் முழுக்க வெளிச்சம் மங்கும், சங்கக் கூட்டத்தில் சண்டை வரும். ஆனாலும் மண்ணெண்ணெய்ப் புகை குறைந்தது. டிவிக்காக கார் பற்றரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகும் வேலையும் குறைந்தது. பின்னர் மின்சார சபையின் கம்பி வந்த ஊர்களில் பல சங்கங்கள் கலைந்துபோயின. ஃபிரிஜ் வேணும் என்று நினைத்தவர்களைக் குறைசொல்ல முடியுமா?

அதே மாதிரி சங்கங்கள் தோட்டங்களில் ஏன் பெருகவில்லை? காரணம் ஓடை இல்லாததல்ல. கிராமத்தவருக்குச் சொந்தமாக வீடும் காணியும் இருந்தன. வாய்க்கால் போக இடம் கொடுக்கலாம், சங்கமாகக் கடன் வாங்கலாம். லயத்தில் இருப்பவருக்கு காம்பராவே சொந்தமில்லை. ஓடைக்கரையும் பாதையும் தோட்டத்துக்குரியவை. 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் குடியுரிமையை மீளப் பெற்ற பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களில் சபை வேலை செய்வதற்குத் தடையாகவே இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான்.

இப்ப ஓடைகளில் இருப்பவை பெரும்பாலும் வியாபார நிலையங்கள். 10 மெகாவாற் வரைக்கும் "சிறியது" என்றுதான் கணக்கு. சின்னதுன்னா பாதிப்பும் சின்னதுன்னு நம்பச் சொல்கிறார்கள். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடைத் துண்டைப் போய்ப் பார்த்தால் தெரியும். தண்ணி குழாய்க்குள் போகிறது. வரட்சி மாதங்களில் அணைக்குக் கீழே போதிய நீர் விடாவிட்டால் பாறைதான் மிஞ்சும். குளிக்கிற இடம், மரக்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணி, இந்த மலைகளில் மட்டுமே வாழும் மீன்கள் எல்லாம் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. ஒரே ஓடையில் மேலும் கீழுமாக மூன்று நிலையம் வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராயும் அறிக்கை அந்த ஓடைக்கு நடந்த மொத்தத்தையும் காட்டாது.

தோட்டங்களின் பழைய நிலையங்களில் சிலவும் புதுப்பிக்கப்பட்டு, மின்சாரம் தேசிய வலையமைப்புக்கு விற்கப்படுகிறது. லயத்துக்கும் இப்ப கம்பி வந்துவிட்டது, மாதாமாதம் பில்லும் வருகிறது.