மைனர் லீக் பேஸ்பால் வீரர்களும் ஊதியச் சட்ட விலக்கும்

அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்பால் அணிகளுக்கு ஆள் தயாராகும் களம் மைனர் லீக். அங்கு ஆடும் வீரர்களைக் குறைந்தபட்ச ஊதியம், மிகைநேர ஊதியம் பற்றிய சட்ட விதிகளிலிருந்து ஒதுக்கி வைக்கும் ஏற்பாடே இவ்விலக்கு.

பின்னணி

1938ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரச் சட்டம் இவ்விரு ஊதிய உரிமைகளையும் நாடு முழுவதற்கும் வகுத்தது. ஆண்டில் சில மாதங்களே இயங்கும் கேளிக்கை நிறுவனங்களுக்குப் பின்னாளில் விலக்குக் கிடைத்தது. தங்களுக்கும் அது பொருந்தும் என்றனர் அணி உரிமையாளர்கள். மேஜர் லீக் வீரர்களுக்குச் சங்கம் துணைநின்றது: 1968இன் முதல் கூட்டு ஒப்பந்தம் அவர்களது குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக்கியது. மைனர் லீக் வீரர்களுக்கு அந்தச் சங்கத்தில் அப்போது இடமிருக்கவில்லை.

வழக்கும் 2018 சட்டமும்

வசந்தகாலப் பயிற்சிக்கு ஊதியமே தரப்படாததை எதிர்த்து, 2014இல் ஏரன் சென்னி உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடக்கும்போதே, 2018 மார்ச்சில், 2,200 பக்கங்களைத் தாண்டிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் வைத்து நாடாளுமன்றம் புதிய விலக்கை நிறைவேற்றியது. வீரர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும், போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 40 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியம் போதும் என்றது அது. மணிக்கு 7.25 டாலர் வீதம் வாரம் 290 டாலர்.

சங்கமும் ஒப்பந்தமும்

பயிற்சிக் காலத்திலும் வீரர்கள் ஊழியர்களே என்று 2022 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையில் 18.5 கோடி டாலர் இழப்பீட்டுக்குச் சமரசம் ஏற்பட்டது. செப்டம்பரில் 5,000க்கு மேற்பட்ட மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர்கள் சங்கத்தின் குடைக்குள் வந்தனர். 2023இல் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தம் கடைநிலை வீரரின் ஆண்டு ஊதியத்தை 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராகவும், உச்சநிலையான டிரிபிள்-ஏ வீரரின் ஊதியத்தை 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராகவும் உயர்த்தியது.

மாறிய பொருள்

அதே ஆண்டில் புளோரிடாவும் கலிபோர்னியாவும் மாநில ஊதியச் சட்டங்களில் விலக்களித்தன. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் ஊதியம் பெறும் வீரர்களுக்கு மட்டும். 2018 விலக்கு வீரர்களைக் கேளாமல் வந்தது. 2023 விலக்குகளோ வீரர்களே வாக்களித்து ஏற்ற ஒப்பந்தத்தைச் சார்ந்தவை. எனினும் 2018 சட்டம் நீக்கப்படவில்லை. ஆகவே ஒப்பந்தம் உள்ளவரைதான் இந்த ஊதியத்துக்கு உறுதி. அதைப் புதுப்பிக்கும் வலிமையைச் சங்கம் இழந்தால், கூட்டாட்சிச் சட்டம் வீரருக்கு மிச்சம் வைத்திருப்பது 40 மணி நேரக் கணக்கு மட்டுமே.