சுரங்கத்துக்குள் இறங்கிய அண்ணல்: மின்சாரத்தின் வரலாற்றில் நாம் எங்கே?

ஏப்ரல் 14 கூட்டங்களில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். "சட்டம் எழுதியதைத் தவிர அண்ணல் அம்பேத்கர் வேறு என்ன செய்தார்?" சூலூர் பக்கம் ஒரு காலனியில் இதைக் கேட்டபோது, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கும் தம்பி ஒருவர் திருப்பிக் கேட்டார்: "எங்க பாடத்துக்கும் அவருக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. 1942 ஜூலை முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். இன்றைய கணக்கில் அது ஒன்றிய அமைச்சர் பதவி. சுரங்கம், மின்சாரம், பாசனம், பொதுப்பணி எல்லாம் அந்தத் துறைக்குள்தான் இருந்தன.

அவர் அந்த வேலைக்கு ஒரு சமூக அறிவியலாளராக வந்தார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். 1923-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 'டாக்டர் ஆஃப் சயின்ஸ்' பட்டம் வாங்கியவர். அதற்கும் முன்னால், 1918-இல், சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேளாண்மையில் தேவைக்கு மேல் ஆட்கள் முடங்கிக் கிடக்கிறார்கள், அவர்களுக்குத் தொழில்துறையில் வேலை வேண்டும், அது நடந்தால்தான் நிலத்தின் சிக்கலும் தீரும் என்பது அதன் சாரம். இருபத்தைந்து வருடம் கழித்து, அதே கருத்தைச் செயல்படுத்தும் துறை அவர் கைக்கு வந்தது.

1943 டிசம்பரில் தன்பாத், ஜாரியா நிலக்கரிப் பகுதிக்குப் போனார். அறிக்கை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கினார், வேலை நடப்பதைப் பார்த்தார், தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகளையும் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வெட்டி அனுப்பும் நிலக்கரி மீது ஒரு வரி. அந்தப் பணம் தொழிலாளர்களின் வீடு, குடிநீர், மருத்துவம், கல்விக்கு. முதலாளியின் தர்மத்தை நம்பாமல், தோண்டும் கரியிலிருந்தே தொழிலாளியின் பங்கைப் பிடிக்கும் ஏற்பாடு அது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நிலத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடையை, போர்க்காலக் கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1943-இல் அரசு விலக்கியது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அண்ணல் அரசின் முடிவை ஆதரித்துத்தான் பேசினார். இது நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடு என்றும், ஆணுக்குக் கொடுக்கும் கூலியே பெண்ணுக்கும் உண்டு என்றும் வாதிட்டார். 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. சம கூலி பெரிய விஷயம்தான். ஆனால் நடுவில் அந்தப் பெண்கள் இருட்டில் உழைத்த வருடங்களும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் "14 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கினார்" என்ற செய்தியையும் திருத்திக்கொள்வோம். 1934 சட்டப்படி நிரந்தர ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். 1946 திருத்தம் அதை 48 ஆக்கியது. கோவை மில் தொழிலாளிக்கும் அது பொருந்தியது. உள்ளதைச் சொன்னாலே அது பெருமைதான். மிகைப்படுத்தினால், அடுத்தவர் ஒரு கேள்வியில் நம் வாயை அடைத்துவிடுவார்.

இனி மின்சாரம். 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவில் அவர் பேசியதன் மையம் இதுதான்: மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் ஏழையின் வறுமை தீராது. மின்சாரம் அரசின் கையில் இருப்பதா, தனியார் கையில் இருப்பதா என்ற கேள்வியையும் அங்கே வைத்தார். 1947-இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்றே சொல்லிவிட்டார். மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம், தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கான ஆலோசனைகள் எல்லாம் அவர் காலத்தில் தொடங்கியவை. தாமோதர் அணைகளுக்காகப் பின்னாளில் ஆதிவாசிகள் நிலத்தை இழந்தார்கள் என்பதையும் இந்தக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு வருவோம். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. கிணறுகளில் கவலை போய் மோட்டார் வந்தது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகத்தை நாம் மதிக்கிறோம். இன்று பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்.

ஆனால் பம்புசெட் இருக்க வேண்டுமானால் கிணறு வேண்டும். கிணறு இருக்க வேண்டுமானால் காடு வேண்டும். அந்தக் காட்டில் பண்ணையாளாக உழைத்த அருந்ததியர் குடும்பத்துக்கு நிலமும் இல்லை, கிணறும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது குடிசைக்கு ஒரு விளக்கு. ஒரே கம்பியில் வந்த மின்சாரம் ஒருவருக்கு விளைச்சலைப் பெருக்கியது, இன்னொருவருக்கு ஒரு பல்பை எரியவிட்டது. மின்சாரம் ஏழையின் வறுமையைத் தீர்க்க வேண்டும் என்று 1943-இல் அண்ணல் சொன்னதை இந்த இடத்தில் வைத்துப் படித்தால்தான் அதன் கனம் புரியும்.

அதனால் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் மேற்குத் தெருவுக்கோ பெரிய தெருவுக்கோ எந்த வருடம் மின்கம்பம் வந்தது, காலனிக்கு எந்த வருடம் வந்தது என்று பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள். முதல் லைட் யார் வீட்டில் எரிந்தது, பம்புசெட் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதில் நம்மவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள்.

எலக்ட்ரிக்கல் படிக்கும் அந்தத் தம்பியிடமும் இதையே சொல்லியிருக்கிறோம். அவருடைய நோட்டுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.