பதக்கத்தின் விளிம்பில்

படைக்குக் குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் தந்த பொன்னை, அமைச்சர் மாணிக்கவாசகர் கோவிலாக்கினார் என்பது ஆவுடையார்கோவிலின் ஐதிகம். அமைச்சரை ஊர் மறக்கவில்லை. அந்தப் படைவீரர்களின் பெயர்களை யாரறிவார்?

நமக்கு அண்மைக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. முதல் உலகப் போரில் (1914-1918) இந்தியப் படையினர் ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். தமிழ்நாட்டின் சில ஊர்களில் அன்றைய அரசு பதித்த கல்வெட்டுகள், இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் நீத்தோர் இத்தனை பேர் என்பதோடு நின்றுவிடுகின்றன. மதராஸ் சாப்பர் படையினரும் போரிட்ட மெசபொத்தாமியாவில், 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்கே பெயர் உண்டு. சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை என்ற எண்ணிக்கையாயினர். நடுகல்லில் வீரனின் பெயரைப் பொறித்த இனம் நாம்! இத்தகைய பாகுபாட்டுக்குப் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்புக் கோர 2021 வரை ஆயிற்று.

எனினும் அப்போரில் பணியாற்றியோர்க்கு வழங்கிய பதக்கத்தின் விளிம்பில் அவரவர் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. சிப்பாய்க்கு வெள்ளி, தொழிலாளர் படையினர்க்கு வெண்கலம். (அதிலும் தரம் பிரித்தார்கள்.) பாட்டனாரின் பதக்கம் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், வெள்ளி விலை ஏறிவிட்டதென்று தட்டாரிடம் கொடுத்துவிட வேண்டாம். விளிம்பைத் துடைத்துப் படித்து, குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைப்பீர்களாக. நவம்பர் மாதம் இறந்தோர் திருப்பலிக்கு நம்மிடம் வரும் பட்டியல்களில் தாத்தாவுக்கு முந்தியோர் பெயர் அரிது. இவ்வாண்டு அதையும் சேர்த்துத் தாருங்கள், வாசிக்கிறோம்.