கடிதம் எழுதிக் கொடுக்கப் போன மாணவர்: ஜேம்ஸ் யென்னும் சீனத் தொழிலாளர்களும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானால் கிராணியிடமோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ போய் நிற்க வேண்டும். அம்மாவுக்கும் மனைவிக்கும் சொல்ல வேண்டியதை இன்னொருவர் காதில் போட்டுத்தான் எழுதி வாங்க வேண்டும். பதில் வந்தாலும் அதைப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களின் நிலையும் இதுதான். அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கப் போனவர்களில் ஒருவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த சீன மாணவர். அவர் பெயர் ஜேம்ஸ் யென். சீனப் பெயர் யென் யாங்சூ.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் கிறிஸ்துவப் பிள்ளைகளிடம், "அங்கே போய் அன்பைச் செயலில் காட்டு" என்று சபையில் சொல்லி அனுப்புவது வழக்கம். அது எப்படி என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. யென்னின் வாழ்க்கை அதற்கு ஒரு நல்ல விளக்கம். கிறிஸ்துவர் அல்லாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

யார் இந்த யென்?

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் பாசோங் என்ற ஊரில் 1890-களின் தொடக்கத்தில் யென் பிறந்தார். அது படித்தவர்களின் குடும்பம். சிறுவயதில் கன்பூசியஸின் நூல்களைப் படித்தார். பிறகு அவருடைய தந்தை அவரைக் கிறிஸ்துவ மிஷன் பள்ளிக்கு அனுப்பினார். அங்குதான் ஆங்கிலமும் மேல்நாட்டுப் பாடங்களும் படித்தார், இயேசுவையும் ஏற்றுக்கொண்டார். பின்னர் ஹாங்காங்கில் கல்லூரிப் படிப்பு. அங்கிருந்து அமெரிக்கா சென்று யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1918-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் படித்துவிட்டுச் சீனா திரும்புபவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அரசாங்க வேலை, பல்கலைக்கழக வேலை, வங்கி வேலை எதுவும் கிடைக்கும். யென் பட்டம் வாங்கிய கையோடு கப்பல் ஏறினார். ஆனால் அந்தக் கப்பல் போனது பிரான்சுக்கு. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்துவ இளைஞர் சங்கம், அங்குள்ள சீனத் தொழிலாளர்களுக்குத் தொண்டு செய்யச் சீன மாணவர்களை அழைத்திருந்தது.

பிரான்சில் சீனத் தொழிலாளர்கள்

பிரிட்டனும் பிரான்சும் போரில் ஏராளமான ஆட்களை இழந்துகொண்டிருந்தன. துப்பாக்கி ஏந்த ஆள் வேண்டும் என்றால், மூட்டை தூக்க வேறு ஆள் வேண்டும். அதற்காகச் சீனாவிலிருந்து, பெரும்பாலும் ஷான்டோங் மாநிலத்திலிருந்து, ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். இரு நாடுகளும் சேர்த்து எடுத்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்களில் சுமார் 95 ஆயிரம் பேரை எடுத்தது பிரிட்டன்.

அவர்கள் போர் வீரர்கள் அல்லர். கப்பலில் சரக்கு இறக்கினார்கள், சாலையும் ரயில் பாதையும் போட்டார்கள், பதுங்கு குழி வெட்டினார்கள். போர் முடிந்த பிறகும் பலரால் உடனே வீடு திரும்ப முடியவில்லை. வெடிக்காத குண்டுகள் கிடந்த நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. பிரான்சின் நொயெல் சூர் மேர் என்ற ஊருக்கு அருகே உள்ள கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

பிரிட்டன் எடுத்த சாதாரணத் தொழிலாளிக்குப் பிரான்சில் நாள் கூலி 1 பிராங்க். சீனாவில் இருக்கும் குடும்பத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை தனியாகக் கொடுக்கப்பட்டது. கடல் கடந்த ஒப்பந்த வேலை, ஊரில் காத்திருக்கும் குடும்பம், முகாம் வாழ்க்கை. நம் தாத்தா பாட்டி கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

"இனி எழுதித் தரமாட்டேன்"

யென் போய்ச் சேர்ந்தது பூலோன் துறைமுகத்தில் இருந்த முகாம். அங்கே சுமார் 5,000 சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பகலில் வேலை. இரவானால் யென்னைத் தேடிக் கூட்டம் வரும். பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: "வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்." பணம் அனுப்பவும் போர்ச் செய்தி தெரிந்துகொள்ளவும் அவரைத்தான் நாடினார்கள்.

யென் எழுதிக் கொடுத்தார். இரவுக்கு இரவு கூட்டம் பெருகியது. எத்தனை கடிதம் எழுதினாலும் மறுநாளும் அதே ஆள் அதே இடத்தில் வந்து நிற்பார். எழுதிக் கொடுப்பவர் ஊருக்குப் போய்விட்டால் அவர் கதி என்ன?

ஒருநாள் இரவு யென் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து, இனிமேல் தாம் கடிதம் எழுதித் தரப்போவதில்லை, எழுதக் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். கூட்டம் சிரித்தது. கூலி வேலை செய்பவன் படிப்பதாவது! யாருக்குப் படிக்க ஆசை என்று கேட்டார். 40 பேர் முன்வந்தார்கள்.

இது எவ்வளவு கடினமான காரியம் என்று தமிழ் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். தமிழில் 247 எழுத்துகளைக் கற்றுவிட்டால் எந்தச் சொல்லையும் கூட்டிப் படித்துவிடலாம். சீன மொழி அப்படியில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக மனத்தில் பதிக்க வேண்டும். நூல்களைப் படிக்க ஆயிரக்கணக்கான எழுத்துகள் தெரிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் பள்ளியில் உட்கார வசதியுள்ளவர்களுக்குத்தான் அது முடிந்தது.

யென் வேறு வழியில் போனார். தொழிலாளர்கள் அன்றாடம் பேசும் பேச்சில் எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று கவனித்து, அவற்றுக்கான எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்தார். வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில்தான் பாடம். சுமார் 4 மாதங்களில், அந்த 40 பேரில் 35 பேர் தாங்களே வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் படித்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். இந்த முறை வேறு முகாம்களுக்கும் பரவியது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மற்றச் சீன மாணவர்களும் பாடம் நடத்தினார்கள்.

365 பிராங்க்

படிக்கத் தெரிந்தவருக்குப் படிக்க ஏதாவது வேண்டும். 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் யென் சீனத் தொழிலாளர்களுக்காக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். எளிய நடையில் உலகச் செய்தி, சீனச் செய்தி, முகாம் செய்தி எல்லாம் அதில் வந்தன. விலை மிகக் குறைவு.

சில காலம் கழித்து ஒரு தொழிலாளியிடமிருந்து யென்னுக்குக் கடிதம் வந்தது. பத்திரிகையைப் படித்த பிறகுதான் உலகத்தில் நடப்பது தமக்குத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். இவ்வளவு மலிவாக விற்றால் பத்திரிகை சீக்கிரம் நின்றுவிடுமே என்றும் கவலைப்பட்டிருந்தார். அது நிற்காமல் இருக்க, பிரான்சில் வேலை செய்து தாம் சேமித்த 365 பிராங்க்கைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்.

நாளுக்கு 1 பிராங்க் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அது ஓர் ஆண்டு முழுவதற்குமான கூலி.

அந்தக் கடிதம் தம்மை உலுக்கிவிட்டதாக யென் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். உதவி செய்ய வந்தவர் தாம் என்று நினைத்திருந்தார். ஆனால் ஒரு தொழிலாளி தம்மைவிடப் பெரிய காணிக்கையைக் கொடுத்துவிட்டார். நாடு திரும்பியதும் பணமும் பதவியும் தேடாமல், எழுத்தறியாத மக்களுக்காகவே வாழ்வது என்று யென் முடிவெடுத்தது பிரான்சில்தான்.

கூலி என்ற சொல்

நாம் 'கூலி' என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். வெள்ளைக்காரர்கள் வாயில் அது ஆளைக் குறிக்கும் சொல்லாகி, இழிவான சொல்லாகவும் ஆகிவிட்டது. அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போயிருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

சீனர்கள் அதே ஒலியைத் தங்கள் எழுத்தில் 'கூ', 'லி' என்று இரண்டு எழுத்தாக எழுதினார்கள். 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் வலிமை. பிரான்சில் தாம் கண்டுகொண்டது இந்த இரண்டையும்தான் என்று யென் சொல்வார்: தொழிலாளியின் துன்பம், அவனுக்குள் இருக்கும் வலிமை. துன்பத்தை மட்டும் பார்ப்பவர் இரக்கப்பட்டுக் காசு கொடுப்பார். வலிமையையும் பார்ப்பவர்தான் பேனாவைக் கையில் கொடுப்பார்.

தம்மை உருவாக்கியவர்கள் மூவர் என்றும் யென் கூறியிருக்கிறார்: கன்பூசியஸ், கிறிஸ்து, கூலிகள். படித்த குடும்பத்துப் பிள்ளையான அவர், சொந்த நாட்டு உழைப்பாளிகளோடு முதன்முதலாக நெருங்கிப் பழகியது அந்நிய மண்ணில்தான்.

நாடு திரும்பிய பிறகு

யென் மீண்டும் அமெரிக்கா சென்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 1920-இல் சீனா திரும்பினார். 1922-இல் சாங்ஷா நகரில் பெரிய எழுத்தறிவு இயக்கம் நடத்தினார். அதில் பாடம் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில், பின்னாளில் சீனாவை ஆண்ட மாவோவும் ஒருவர். ஏழைகள் படிப்பதற்கென்று ஆயிரம் எழுத்துகளைக் கொண்ட பாடநூலும் வந்தது. 1923-இல் வெகுஜனக் கல்வி இயக்கம் நாடளாவிய அமைப்பாக உருவானது.

1926 முதல் டிங்சியென் என்ற மாவட்டத்தில் வேலை தொடங்கியது. சுமார் 4 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்தக் கிராமப்புறத்தில், படித்தவர்கள் குடும்பத்தோடு போய்த் தங்கினார்கள். எழுத்து மட்டும் போதாது என்று அங்கே தெரிந்தது. பள்ளி, விவசாயம், சுகாதாரம், கிராம நிர்வாகம் நான்கையும் ஒன்றாக முன்னெடுத்தார்கள். கிராமத்தவருக்கே பயிற்சி கொடுத்து அம்மை குத்தவும் முதலுதவி செய்யவும் வைத்தார்கள். 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பிற்காலத்தில் யென் பிலிப்பைன்ஸ் நாட்டில் கிராமச் சீரமைப்புப் பணியைத் தொடர்ந்தார். 1960-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. 1990-ஆம் ஆண்டு நியூயார்க்கில் காலமானார்.

அன்புக்கு விலை இல்லை

"உதவி செய்வதெல்லாம் மதம் மாற்றத்தானே?" என்ற கேள்வி நம் சமூகத்தில் உண்டு. அந்தக் கேள்வி காரணமில்லாமல் எழவில்லை என்பதைக் கிறிஸ்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். யென்னின் வெகுஜனக் கல்வி இயக்கம் மதம் பரப்பும் அமைப்பாக நடத்தப்படவில்லை. கற்றுக்கொடுத்தவர்களில் கிறிஸ்துவர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையிலும் இதைக் காணலாம். அடிபட்டு வழியில் கிடந்தவனிடம் சமாரியன் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான். பதிலுக்கு எதையும் கேட்டதாகக் கதையில் இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு

ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ இந்தியாவுக்கோ படிக்கப் போகும் பிள்ளைகள் யென்னைப் போல் பத்திரிகை நடத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் நடந்த வழியில் நடக்கலாம்.

முதலில், அருகில் இருப்பவரைப் பாருங்கள். வெளிநாட்டில் நம் பிள்ளைகள் தங்களைப் போன்ற மாணவர்களோடுதான் பழகுகிறார்கள். விடுதியைச் சுத்தம் செய்பவர், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், புதிதாக வந்து மொழி புரியாமல் நிற்பவர் ஆகியோரின் பெயர்கூடத் தெரிவதில்லை. பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். யென் திட்டம் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போகவில்லை. கடிதம் வேண்டும் என்றார்கள், எழுதினார். அதிலிருந்துதான் மற்றவை பிறந்தன. இன்று ஒருவருக்கு வங்கிக் கணக்கு திறக்கத் துணை வேண்டியிருக்கலாம். இன்னொருவருக்கு மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, அடுத்த முறை அவரே செய்துகொள்ளும்படி கற்றுக்கொடுங்கள். பாரத்தை நாமே நிரப்பிக் கொடுப்பது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து அவரையே நிரப்ப வைக்க நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும்.

நான்காவது, தெரியாத விஷயத்தில் தலையிட வேண்டாம். விசா, சம்பளத் தகராறு போன்றவற்றில் தவறான ஆலோசனை ஆளையே சிக்கலில் மாட்டிவிடும். பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவுக்கோ தகுதியுள்ள வழக்கறிஞரிடமோ உடன் அழைத்துச் செல்வதே சரியான உதவி. சொந்தப் படிப்பையும் விட்டுவிடக் கூடாது. யென் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்.

இதற்கெல்லாம் வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் பட்டணத்திலும் கைப்பேசியில் வீட்டாரோடு பேசிக்கொண்டு நிற்கும் தொழிலாளர்களை நாம் தினமும் கடந்து போகிறோம். அவர்களில் தமிழ் பேசுபவர்கள் பலர். நம் முன்னோர் வந்த அதே ஊர்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. இன்று அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லவும், மருத்துவர் சொல்வதைப் புரியவைக்கவும் ஆள் தேவைப்படுகிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை, விமானம் ஏறுமுன் இங்கேயே அதைப் பழகிக்கொள்ளலாம்.