அகாந்தமீபா கருவிழி அழற்சியில் ஒளிச் சிகிச்சை: சோதனைகள் எதை அளக்கின்றன?

அகாந்தமீபா, மண்ணிலும் குளத்திலும் குழாய் நீரிலும் தனித்து வாழும் ஒருசெல் உயிரி. கீறல் விழுந்த கருவிழிக்குள் அது புகுந்தால் கடும் வலியும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணும் உண்டாகும். மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் அணிவோரைத் தாக்குகிறது; இந்தியாவில் வயல்வேலையின்போது கண்ணில் படும் காயமும் தூசியும் கலங்கல் நீரும் முக்கியக் காரணங்கள். இரைதேடி நகரும் டிரோபோசோயிட் நிலையில் அமீபா மருந்துக்கு எளிதில் மடியும். சூழல் பாதகமானால் அதுவே செல்லுலோஸ் கலந்த இரட்டைச் சுவர் கொண்ட சிஸ்டாக மாறிவிடும். பி.எச்.எம்.பி., குளோர்ஹெக்சிடின் ஆகிய சொட்டு மருந்துகளை மாதக்கணக்கில் இட வேண்டியிருப்பது இந்தச் சிஸ்டினால்தான். ஆகவே ஒளிச் சிகிச்சையின் மதிப்பும் சிஸ்டை அது என்ன செய்கிறது என்பதையே பொறுத்தது. இதுவரையிலான சோதனைகள் பலவும் இக்கேள்வியை நேராகத் தொடவில்லை.

முதலில் முயன்று பார்க்கப்பட்டது குறுக்குப் பிணைப்பு முறை. கூம்புவடிவக் கருவிழியை உறுதிப்படுத்த வந்த இம்முறையில், மேற்படலத்தைச் சுரண்டி நீக்கி, ரிபோஃபிளேவினை ஊறவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைச் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம் பாய்ச்சுகிறார்கள். அப்போது பிறக்கும் வினைமிகு ஆக்சிஜன் கிருமியையும் தாக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2011இல் மருந்துக்கு அடங்காத மூன்று நோயாளிகள் இம்முறையில் தேறியதாக அறிக்கை வந்தது. அதே ஆண்டில் வெளியான ஆய்வகச் சோதனையிலோ, இந்த ஒளி டிரோபோசோயிட்டுகளைக்கூடக் கொல்லவில்லை. முரணுக்கு விளக்கம் உண்டு. அம்மூவருக்கும் சொட்டு மருந்தும் தொடர்ந்தது. மேற்படலத்தைச் சுரண்டுவதோ, தொற்று மேலடுக்கைத் தாண்டாத தொடக்கக் கட்டத்தில் தனியாகவே பலன் தரவல்லது. ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது நன்மை ஒளியால் வந்ததா, மருந்தால் வந்ததா, சுரண்டலால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

ஒப்பீட்டுக் குழு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த கிளேர் ஆய்வு காட்டியது. அது பூஞ்சைப் புண் பற்றியது. ஆயினும் பாடம் இங்கும் பொருந்தும். 2020இல் வெளியான அதன் முடிவின்படி, மருந்தோடு குறுக்குப் பிணைப்பையும் சேர்த்தபோது 24 மணி நேரத்தில் கிருமி குறையவில்லை. பார்வையோ மருந்து மட்டும் பெற்றவர்களைவிட மோசமாயிற்று. பலனற்றது தீங்கற்றதாகவும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ரோஸ் பெங்கால் சாயமும் பச்சை ஒளியும் சேர்ந்த முறை கூடுதல் நம்பிக்கை தருகிறது. மயாமியின் பாஸ்கம் பாமர் கண் மையம் 2019இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், மருந்துக்கு அடங்காத 18 கண்களில் 72 விழுக்காடு அவசரக் கருவிழி மாற்றத்தைத் தவிர்த்தன. அந்த 18 கண்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இருந்தது அகாந்தமீபா தொற்று. கடைசிக் கட்டத்துக்கு வந்த கண்கள் என்பதால் இது பொருட்படுத்தத்தக்க செய்தியே. ஆனாலும் அங்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை. போலிஹெக்சனைட் (பி.எச்.எம்.பி.) சொட்டு மருந்தே, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாக்கியிருக்கிறது; நோய் முற்றாதவர்களும் சேர்ந்திருந்த அந்த ஆய்வின் எண்ணை மயாமி எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ஆழமும் ஒரு தடை. ரோஸ் பெங்கால் முன்புறத்து ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டருக்குள் தேங்கிவிடுகிறது. கருவிழியின் தடிமனோ அரை மில்லிமீட்டருக்கு மேல். ஆழத்தில் பதுங்கிய சிஸ்டை ஒளி எட்டினாலும் சாயம் எட்டாது.

அரவிந்தும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் நிறுவனமும் இணைந்து வடிவமைத்த ரீகிர் ஆய்வு, பாவனைச் சிகிச்சை பெறும் ஒப்பீட்டுக் குழுவோடு திட்டமிடப்பட்டது. பூஞ்சை, அகாந்தமீபா, கிருமி பிடிபடாத புண் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தது. அரிய நோய்க்கு இது நடைமுறைத் தேவை. ஆனால் மூன்றின் சராசரியை அமீபாவின் கணக்கில் எழுதிவிட இயலாது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்: இரு குழுவுக்கும் ஒரே அளவு மேற்படலச் சுரண்டல், கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அளந்த சிஸ்டின் ஆழம், கிருமி நீங்கிய நாளோடு ஆறு மாதம் கழித்து எஞ்சும் பார்வையும்.