கம்பஸுக்குக் கீழே இருக்கிற காணி

கம்பஸ் எண்டால் எங்களுக்குக் கட்டடமும் பரீட்சையும்தான் ஞாபகம் வரும். அதுக்குக் கீழே இருக்கிற காணியை யோசிக்கிறதில்லை. அமெரிக்காவில் காணியாலேயே உருவான பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டம், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்குக் காணியோ காணிச் சீட்டோ கொடுத்தது. அதை விற்ற முதலின் வட்டியில் விவசாயமும் பொறியியலும் படிப்பிக்க வேண்டும்.

முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. ஏம்ஸ் நகரில் 1869இல் வகுப்புத் தொடங்கிய அதன் கல்லூரி, ஆரம்பத்திலேயே பெண்களையும் சேர்த்தது. அடிமையாகப் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் 1891இல் அங்கே முதல் கறுப்பின மாணவரானார். பிறகு அங்கேயே படிப்பித்தார். 1939இல் அதன் பௌதிகவியல் கட்டட நிலவறையில்தான் அட்டனாசோஃபும் பெரியும் இலத்திரனியல் கணினியொன்றை உருவாக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தக் காணி ஆருடையது? இந்தச் சட்டம் நாடு முழுக்கப் பங்கிட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கர், பூர்வகுடிகளிடமிருந்து ஒப்பந்தத்தாலும் பலவந்தத்தாலும் எடுக்கப்பட்டது. சில இடங்களில் அற்பக் காசு கொடுத்தார்கள். சில இடங்களில் ஒரு சதமும் இல்லை.

காவரின் கதையை நாங்கள் கொண்டாடத்தான் வேணும். கூடவே, 'எல்லோருக்கும் கல்வி' எண்ட அந்தச் சொல்லுக்குள் காணியை இழந்தவர்களும் இருந்தார்களா எண்டும் கேட்க வேணும்.