இரவல் முகம்: பினாங்கில் ஒரு சிலையும் அது எழுப்பும் வினாக்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசியல் தலைவர்களின் உருவத்தை ஓவியமாகத் தீட்டி அரசு மண்டபங்களில் மாட்டுவது உலகெங்கும் பரவிய வழக்கம். ஸ்பெயின் நாட்டு நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர்களின் ஓவியங்கள் வரிசையாக இடம்பெற்றுள்ளன. நம் பக்கத்திலும் இவ்வழக்கம் வேரூன்றியது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று அரசுகளில் திவானாகப் பணியாற்றிய சர் த. மாதவராவை ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஓவியரும் திவானும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். ஆகவே அந்த முகத்துக்குச் சான்று உண்டு.

சான்றில்லாத முகத்துக்கும் அரசு மரியாதை கிடைப்பதுண்டு. அதற்கு எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே, கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நிற்கிறது. அது கேப்டன் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை.

லைட் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் உரிமை கொண்டார். 1794 அக்டோபரில் இங்கேயே காய்ச்சலால் இறந்தார். தீவை உரிமை கொண்டு நூறாண்டு கழித்து, 1886இல், புனித ஜார்ஜ் தேவாலய வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் எழுப்பினர். தூண்களும் குவிமாடமும் கொண்ட அம்மண்டபத்தில் அவர் உருவம் இல்லை. 1936இல் 150ஆம் ஆண்டு விழாவை ஒட்டிச் சிலை வைக்க முடிவு செய்தபோதுதான் இடர்ப்பாடு எழுந்தது. பார்த்துச் செய்வதற்கு லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. சிற்பி வில்காக்சன் வேறு வழி கண்டார். லைட்டின் மகன் வில்லியத்தின் முகச்சாயலைத் தந்தைக்குப் பொருத்தினார்.

வில்லியம் லைட் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை வடிவமைத்தவர். ஓவியக் கலை அறிந்தவர். தம் உருவத்தைத் தாமே தீட்டியவர். அதனால் மகனின் முகம் எஞ்சியது. தந்தை இறந்தபோது எட்டு வயதுச் சிறுவனாயிருந்த அவர், பின்னாளில் தந்தைக்கே முகம் தந்தவரானார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வில்லியத்தின் தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். அவர் ஐரோப்பிய, ஆசிய மரபுகள் கலந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதே பரவலான கருத்து. மகன் முகத்தில் தாயின் சாயலும் கலந்திருக்குமல்லவா? பிரிட்டிஷ் ஆட்சியின் பெருமையைப் பறைசாற்ற வைத்த சிலையில், ஆட்சியாளர் எவரும் சிலை வைக்க எண்ணாத ஒரு பெண்ணின் சாயலும் அவர்கள் அறியாமலே இடம்பெற்றுவிட்டது. வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் தன் கணக்கை நேர் செய்கிறது.

முகமே கிடைக்காதவர்களும் உண்டு. தம் இறுதி ஆண்டில் எழுதிய குறிப்பொன்றில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் உள்ளிட்டோர் ஏறத்தாழ 1,000 பேர் இங்கே குடியேறியுள்ளனர் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து, கடை வைத்தும் கூலி வேலை செய்தும் பொருளீட்டித் திரும்புகின்றனர் என்றும் லைட்டே பதிவு செய்கிறார். 1790 முதல் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளும் கொண்டுவரப்பட்டனர். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததே. நம் முன்னோர் அரசுப் பதிவேட்டில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். எந்த மண்டபத்திலும் ஓவியமாக இல்லை.

அதற்காகச் சிலையைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தமிழர்களாகிய நாமும் இதைச் செய்திருக்கிறோம். திருவள்ளுவரின் தோற்றத்துக்குச் சமகாலச் சான்று கிடையாது. எனினும் ஓவியர் வேணுகோபால் சர்மா வரைந்த படம் 1964இல் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. இன்று நம் பள்ளிச் சுவர்களிலும் அதுவே வள்ளுவர் முகம். போற்றத்தக்கவரை முகமின்றி நினைப்பது மனித மனத்துக்கு அரிது. முகம் வேண்டுமென்ற ஏக்கத்தில் குற்றமில்லை. வரைந்த முகத்தை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது. ஓர் உருவம் முதலில் சொல்வது அதை நிறுவிய காலத்தைப் பற்றியே. 1936இல் எழுந்த சிலை 1786ஆம் ஆண்டின் லைட்டைக் காட்டுவதைவிட, தன் ஆட்சி நிலையானது என்று நம்பிய 1936ஆம் ஆண்டின் காலனிய அரசையே தெளிவாகக் காட்டுகிறது. ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியப் படை இத்தீவைக் கைப்பற்றியது. சிலையும் தன் இடத்திலிருந்து அகற்றப்பட்டது. போருக்குப் பின் அது மீண்டும் நிறுவப்பட்டது.

ஆசிரியர்கள் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது நான்கு வினாக்களைக் கேட்கச் சொல்லலாம். இவ்வுருவத்தை யார் செய்வித்தார்? எப்போது? முகத்துக்கு மூலம் எது? இவரோடு வாழ்ந்தும் உருவம் பெறாதவர் யார்? முதல் மூன்றுக்கும் விடை நூல்களில் உண்டு. நான்காவதற்கான விடை சில மாணவர்களின் வீட்டிலேயே, பாட்டியின் பெட்டியில் மங்கிப்போன ஒரு நிழற்படமாகவோ பழைய கப்பல் சீட்டாகவோ இருக்கக்கூடும். அதைத் தேடி எடுத்துப் பெயரும் ஆண்டும் எழுதி வைப்பதும் வரலாற்றுப் பணியே.